காதால் படிக்கும் அட்டவணை

காலை எட்டரை மணிக்கு நான் ஆபீஸ் கதவைத் திறக்கும்போதே உள்ளே ஒரு குரல் பேசிக்கொண்டிருக்கும். ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். மூச்சு வாங்காது, முற்றுப்புள்ளியில் நிற்காது, கோபமும் படாது, சிரிக்கவும் செய்யாது. பதுளை ரயிலில் வடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் தாவிக்கொண்டு கூவுவார்களே, அந்த வேகத்தை நாலு மடங்காக்கிக் கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், யாரோ ரேடியோவைத் திருகிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். எழுந்துபோய் அணைத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். நல்லவேளை, அணைக்கவில்லை. அது என்னோடு வேலை பார்க்கும் மெகன் என்ற பெண்மணியின் கணினி. மெகனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்துக்கொண்டுதான் அவர் வேலை பார்க்கிறார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத அந்த ஓட்டத்தில் பெயர், தெரு, தொலைபேசி எண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, நடுவில் தேநீரும் குடித்துக்கொண்டு, என் காலடிச் சத்தத்தை வைத்தே "குட் மார்னிங், ராமையா" என்பார்.

ராமையா என் அப்பா. என் பெயர் தங்கவேல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால் நிற்பதால் இந்த நாட்டில் அதுதான் என்னைக் கூப்பிடும் பெயராகிவிட்டது. திருத்திச் சொல்ல இரண்டு முறை முயன்றேன். "ஓ, அப்படியா ராமையா" என்று கேட்டுக்கொண்டார்கள். அதோடு விட்டுவிட்டேன். இலங்கை மலைநாட்டில், பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் அப்பா உயிரோடு இருந்த காலம் முழுக்க இத்தனை பேர் இத்தனை மரியாதையாக அவர் பெயரைச் சொன்னதில்லை. போகட்டும், அவருக்கும் ஒரு வெளிநாட்டுப் பயணம் கிடைத்ததாக இருக்கட்டும்.

நான் இருப்பது வேல்ஸ் நாட்டின் தெற்கே, மலைகளுக்கு நடுவில் கிடக்கும் ஒரு சின்ன ஊர். பதுளையில் நர்ஸிங் படித்த என் மனைவி சாந்திக்கு இங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டியவர்களுக்காகக் கட்டிய வீடுகள் இங்கே மலைச்சரிவில் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பஸ்ஸில் வந்து இறங்கிய அன்றைக்கே சாந்தி சொன்னாள்: "ஏங்க, இவ்வளவு தூரம் பறந்து வந்து மறுபடியும் லயத்துலயே கொண்டாந்து எறக்கி விட்டுட்டாங்களே." லயம் என்றால் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகள். மழையும் அப்படியே, அப்புத்தளை மூடுபனியும் அப்படியே. மலையில் தேயிலைக்குப் பதில் ஆடு மேய்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். பசறை பஸ்ஸில் உயிரோடு இறங்கியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதுண்டு, டிரைவருக்குச் சொன்னதில்லை.

எனக்கு வேலை கிடைத்தது ஒரு சமையல்கூடத்து ஆபீசில். தனியாக வாழும் வயதானவர்களுக்கு மதியச் சாப்பாட்டைச் சுடச்சுட வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் இடம். ஆபீசில் இருப்பவர்களையும் சமைப்பவர்களையும் வண்டி ஓட்டுபவர்களையும் சேர்த்தால் பதினொரு பேர். யார் வீட்டுக்கு என்ன சாப்பாடு என்று தினமும் கணினியில் ஒரு அட்டவணை போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த அட்டவணையைக் கேட்டு, காலை ஒன்பதிலிருந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "இன்றைக்கு இது வருகிறது, சரியா?" என்று விசாரிப்பது மெகனின் வேலை. வேறு ஏதாவது வேண்டும் என்றால் அதைத் தனியாக எழுதிச் சமையல்கூடத்துக்கு அனுப்புவார். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, அதே போன். இருமலை வைத்தே யாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இனி இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு மனதில் அப்படித்தான் பதிந்திருக்கிறது.

எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு முகம் சுளித்தது. கறுப்பு வெள்ளையில் வறட்டுத்தனமான வரிசைகள். ஒரே தெருப் பெயர் இருபது தடவை. ஒரு அலங்காரம் இல்லை. பட்டியல் எழுதுவதென்றால் என்னவென்று இவர்களுக்குக் காட்டுகிறேன் பார் என்று எனக்குள் ஒரு திமிர் எழும்பியது. அந்தத் திமிர் சும்மா வந்ததல்ல. பூனாகலையில் எஸ்டேட் ஆபீசில் பதினொரு வருஷம் கிளாக்கராக இருந்தவன் நான்.

விடியற்காலையில் ஆட்களெல்லாம் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும், யார் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்து விடுவது அங்கேதான். பனியில் நின்று பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு நான் பெயர் கூப்பிடுவேன். அந்தப் பதிவேடு எழுத எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. தலைப்பில் தோட்டம், டிவிஷன், மாதம் என்று மூன்று வரி, பக்கம் முழுக்க அகலமாக. லயத்தின் எண்ணை ஒரு தடவைதான் எழுதுவோம், பக்கத்தில் ஒரு நீள அடைப்பு. கீழே வருகிறவர்களுக்கு, மேலே உள்ளதேதான் என்பதற்கு இரண்டு சின்னக் கீற்று. ஒரு லயம் முடிந்ததும் ஒரு வரி காலி. சுகமில்லாதவர் பெயருக்குச் சிவப்பு மை, பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவருக்குப் பச்சை. கணினி வந்த பிறகு அதையே எக்செல்லில் செய்தேன். கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து, வண்ணம் பூசி, தோட்டத்து மேனேஜரான தொரை கையில் கொடுத்தால் அவர் அதை ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அந்த ஒரு தடவைக்காகத்தான் எனக்கு அத்தனை பாடு.

இங்கேயும் அதையே செய்தேன். மேலே மூன்று வரித் தலைப்பு. தெருப் பெயரை ஒரே நீளக் கட்டமாக இணைத்துப் பக்கவாட்டில் நிறுத்தினேன். அதே சாப்பாடு என்றால் இரண்டு கீற்று. தெருவுக்குத் தெரு ஒரு வரி காலி. பழைய அட்டவணையில் 'உணவுக் கட்டுப்பாடு' என்று மேலிருந்து கீழாக ஒரு நிரல் இருந்தது. இடத்தை அடைக்கிறதே என்று அதைத் தூக்கிவிட்டு, வண்ணத்தால் காட்டினேன். கடலை ஆகாதவருக்குச் சிவப்பு, சர்க்கரை நோயாளிக்கு மஞ்சள், விழுங்கச் சிரமப்படுவதால் குழைய மசித்த சாப்பாடு மட்டுமே சாப்பிடக்கூடியவருக்கு நீலம். சமையல்கூடத்தில் அதைச் சுவரில் ஒட்டியதும் "லவ்லி, ராமையா" என்று நாலு பேர் வந்து சொன்னார்கள். மேனேஜர் ஹெலன் "பிரில்லியன்ட்" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் நான் பஸ் டிரைவருக்குச் சொன்ன நன்றி கொஞ்சம் சத்தமாகவே இருந்தது. மெகன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் கவனிக்கவும் இல்லை.

மூன்றாவது வாரம் அது நடந்தது. திரு. இவான்ஸ் என்று ஒரு முதியவர், எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர். பக்கவாதம் வந்து தேறியவர், மசித்த சாப்பாடுதான் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு மீன். மெகன் போன் செய்தபோது அவர், மீன் வேண்டாம், கோழி அனுப்பு என்றிருக்கிறார். மெகனும் மாற்றப் பட்டியலில் 'இவான்ஸ், கோழி' என்று எழுதி அனுப்பினார். மாற்றப் பட்டியலில் வண்ணம் இல்லை, 'மசித்தது' என்ற சொல்லும் இல்லை. சமையல்கூடத்திலிருந்து எல்லோருக்கும் போகிற துண்டுக் கோழியே அவருக்கும் போனது. முதல் வாயிலேயே தொண்டையில் அடைத்துக்கொண்டது. சாப்பாடு கொண்டுபோன டிரைவர் இன்னும் வாசலில் நின்றிருந்ததால் பிழைத்தார். முதுகில் தட்டி வெளியே எடுத்து, ஆம்புலன்ஸ் வந்து, அன்றைக்குச் சாயங்காலமே அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அவர் மகள் போனில் போட்ட சத்தம் ஹெலனின் மூடிய கதவையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

ஹெலன் கெட்டவர் அல்ல. என் அட்டவணையை எடுத்துப் பார்த்தார், இவான்ஸின் கட்டம் நீலமாக இருந்தது. பட்டியல் சரி, அப்படியானால் தப்பு மெகனுடையது என்று முடிவுக்கு வந்தார். திரையில் உள்ள எல்லாவற்றையும் அந்த இயந்திரம் படித்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டம், அதற்குப் பிறகு மெகனைப் போனிலிருந்து எடுத்துவிட்டு, விளம்பரத் தாள்களை உறையில் போடும் வேலைக்கு மாற்றுவது என்று பேச்சு. தேநீர் போடும் இடத்தில் மெகன் என்னிடம் சொன்னார்: "நான்தான் எங்கயோ தவற விட்டிருப்பேன், ராமையா. அந்த நிரலக் காணோம்னு தேடுனேன். வேற எங்கயோ நகத்திட்டாங்க, எனக்குத்தான் கெடைக்கலன்னு நெனைச்சேன்." கோப்பையைக் கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "போன்ல பேசுறப்ப எனக்குக் கண்ணு தெரியாதுங்கிறது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு எடந்தான் அப்பிடி."

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் என் நீலக் கட்டம் உட்பட நடந்ததையெல்லாம் சொன்னேன். பாவம் அந்தம்மா, இத்தனை வருஷம் வேலை பார்த்து இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டுத்தான் சொன்னேன். சாந்தி வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அந்தம்மாவுக்கு நீலம்னா என்னான்னு யாருங்க சொன்னா?"

"லிஸ்டுல இருக்கே" என்றேன்.

"லிஸ்டுல கலரு இருக்கு. அவங்களுக்குக் கண்ணு இல்ல. கலர எப்பிடிங்க கேப்பாங்க?"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். நான் தூக்கியெறிந்த அந்த நிரல், நான் பெருமையாகப் பூசிய அந்த நீலம். ஒரு மனிதர் மூச்சு நின்றுபோகப் பார்த்தது என் அழகுக்காக. அதைவிட எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது மெகன் சொன்ன "நான்தான் தவற விட்டிருப்பேன்". அதே சொல்லை நான் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தவர்களில் யார் யாருக்கு அட்டை வந்திருக்கிறது என்ற பட்டியல் எங்கள் எஸ்டேட் ஆபீசுக்கு வந்தது. அம்மா கொழுந்துக் கூடையோடு நேராக மலையிலிருந்து இறங்கி வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. உள்ளே இருந்த அந்தக் காலத்துக் கிளாக்கர் முதல் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பெயர்கள் முடிந்து தாளில் கொஞ்சம் காலி இடம் இருந்தது. "ஒன் பேரு இல்ல, போ" என்றார். அம்மா திரும்பிவிட்டார். பட்டியல் மறுபக்கத்திலும் தொடர்ந்ததும், அம்மாவின் பெயர் அங்கே இருந்ததும் ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வருஷமும் அட்டை இல்லாமல் பண்டாரவளை டவுனுக்குப் போகவே, வழியில் சோதனையில் பிடிப்பார்களோ என்று அம்மா பயந்தார். விஷயம் தெரிந்தபோது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நாந்தான் பேரச் சரியாச் சொல்லலியோ என்னவோ" என்றார். பிற்பாடு நானே அந்த ஜன்னலுக்கு உள்ளே போய் உட்கார்ந்தபோது, அந்த ஆளைப்போல இருக்கக் கூடாது என்று நினைத்தேன். பட்டியலை அழகாக எழுதினால் போதும் என்று நினைத்துக்கொண்டதுதான் என் மடத்தனம். அம்மாவுக்கு வேண்டியிருந்தது அழகான பட்டியல் அல்ல.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உடனே ஓடிப்போய் ஒப்புக்கொள்ளும் யோக்கியன் அல்ல நான். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வேலை கிடைக்க ஏழு மாதம் அலைந்தேன். அந்த ஏழு மாதமும் சாந்தி ஒருத்தி சம்பாத்தியத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்ட கூச்சம் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் வெள்ளிக்கிழமை தானாக முடிந்துவிடும். மெகனுக்கும் வேலை போகப்போவதில்லை, உறையில் தாள் போடும் வேலைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

மறுநாள் காலை சீக்கிரமே போனேன். எட்டு மணிக்கே மெகன் இருந்தார், குரல் ஓடிக்கொண்டிருந்தது. என் அட்டவணையை எனக்கு மெதுவாகப் படிக்கவைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் வேகத்தைக் குறைத்து, ஒலியைக் கூட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் தலைப்பு மூன்று வரி. பிறகு காலி. காலி. தெருப் பெயர் ஒன்று. பிறகு ஒரு ஆள், மேற்கோள் குறி, மேற்கோள் குறி. இன்னொரு ஆள், மேற்கோள் குறி, மேற்கோள் குறி. என் கீற்றுகளைத்தான் அது அப்படிப் படிக்கிறது. எந்தத் தெரு, என்ன சாப்பாடு, ஒன்றும் இல்லை. பட்டியலின் கடைசிக்குப் போகும் விசையை அவர் அழுத்தினால் முதல் தெரு முடிந்த காலி வரியிலேயே அது நின்றுவிடுகிறது, பட்டியலே முடிந்துவிட்டது என்பதுபோல. "இவான்ஸ்" என்றது குரல். "மீன்" என்றது. அவ்வளவுதான். நீலத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. வண்ணத்தையும் சொல் என்று தனியாக ஏவினால் அது சொல்லும், ஆனால் வண்ணம் இருக்கிறது என்றே தெரியாதவர் எதற்கு ஏவுவார்?

"இத்தன நாளா இதயா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?" என்றேன்.

"அதுக்குத்தான் ஏழரைக்கே வர்றேன். முன்னாடியெல்லாம் எட்டு மணிக்குத்தான் வருவேன்."

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"புது ஆளு, ஆசையா செஞ்சிருக்காருன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் மட்டும் போயி கொற சொல்றதா? கண்ணு தெரியாதவ எப்பவும் எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருக்கான்னு பேரு வந்துரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அவரிடம், நிரலை எடுத்தது நான், வண்ணம் பூசியது நான் என்று சொன்னேன். மெகன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் தவற விடல" என்றார், என்னிடம் அல்ல, தனக்குத்தானே.

ஹெலனிடம் போய் நின்றேன். "மேடம், ஐ ஆம் சாரி. தப்பு என்னுடையது" என்றேன். அவர் தலையைச் சாய்த்து, "ஓ ராமையா, எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன், "ரியலி சாரி, மேடம்." அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, எல்லோருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றார். அப்போதுதான் உறைத்தது. நான் சாரி சொல்லாத நாளே அந்த ஆபீசில் கிடையாது. கதவில் எதிரே யாராவது வந்தால் சாரி, மழை பெய்தால் சாரி, போட்டோகாப்பி இயந்திரத்தில் தாள் சிக்கினால் அதற்கும் சாரி. தொரைக்கு முன்னால் நின்று வளர்ந்த பழக்கம் அது. தப்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன்னால் வாய் தானாக "சாரி சார்" என்று சொல்லிவிடும், அப்படிச் சொன்னால்தான் சீக்கிரம் விடுவார்கள். அத்தனை சாரியையும் கண்டபடி வாரி இறைத்துவிட்டதால், உண்மையிலேயே தேவைப்பட்ட அன்றைக்கு என் சாரிக்கு ஒரு மதிப்பும் இல்லாமல் போனது. நான் மெகனுக்காக இரக்கப்பட்டுப் பேசுகிறேன் என்றே ஹெலன் எடுத்துக்கொண்டார்.

சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆங்கிலம் போதாது. "ஒரு நிமிஷம் வாங்க மேடம்" என்று கூட்டிக்கொண்டுவந்து மெகனின் நாற்காலியில் உட்கார வைத்தேன். மெகன் பக்கத்தில் நின்றார். கை எட்டி, திரையை அணைத்தேன். "இவான்ஸுக்கு எந்தச் சாப்பாடு ஆகாதுன்னு இதக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். குரல் படித்தது. காலி, மேற்கோள் குறி, காலி. ஹெலன் இன்னொரு தடவை கேட்டார். பிறகு மூன்றாம் தடவை, கீழ் விசையை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு. "இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார். "இல்ல மேடம். எடுத்தது நான். அவங்களுக்கு நான் அதக் குடுக்கவே இல்ல." ஹெலன் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டு இருந்தார். "ஓ" என்றார். அதன் பிறகு அவர் முதலில் செய்தது மெகனிடம் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது, இவான்ஸின் மகளுக்குத் தானே போன் செய்து, தப்பு போன் செய்தவருடையதல்ல, எங்கள் பட்டியலுடையது என்று சொன்னது. மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார். என் கோப்பில் ஒரு எச்சரிக்கை எழுதப்போவதாகச் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் சேந்து இதத் திருத்துங்க. மெகன் காதால கேட்டு சரின்னு சொன்ன பொறகுதான் எந்த லிஸ்டும் கிச்சனுக்குப் போகணும்." வேலை போகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு நாள் நானும் மெகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்துக் கட்டினோம். நான் செய்வேன், அவர் கேட்பார், உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் செய்வேன். என் மூன்று வரித் தலைப்பு முதலில் போனது. கோப்பைத் திறந்தால் குரல் நிற்பது மேல் மூலையில் உள்ள முதல் கட்டத்தில், அட்டவணையும் அங்கேயே தொடங்கினால்தான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும் என்றார். தலைப்பையெல்லாம் கோப்பின் பெயரிலும் தாளின் பெயரிலும் வைத்துக்கொண்டோம். நிரல்களின் பெயர்களை ஒரே வரிசையில் எழுதி, இதுதான் தலைவரிசை என்று கணினிக்கும் சொல்லிவைத்தோம். அதன் பிறகு பக்கவாட்டில் நகர நகர, 'தெரு', 'சாப்பாடு' என்று நிரலின் பெயரையும் சேர்த்தே குரல் சொன்னது. இணைத்த கட்டங்களைப் பிரித்தபோது தெருப் பெயர் மேலே ஒன்றில் மட்டும் நிற்க, மற்றதெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் எழுதினேன். ஒரே பெயரை இருபது தடவை எழுதக் கை கூசியது. என் முன்னோடியின் வறட்டு அட்டவணைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். காலி வரிகள் போயின. உணவுக் கட்டுப்பாட்டு நிரல் திரும்பி வந்தது. கட்டுப்பாடு இல்லாதவருக்கும் 'இல்லை' என்று எழுதச் சொன்னார், வெறுமையாக விட்டால் இல்லாமல் வெறுமையா, எழுத மறந்த வெறுமையா என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? வண்ணங்களையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். "எதுக்கு? சமைக்கிறவங்களுக்குக் கண்ணு இருக்கே. கலரு இருக்கட்டும், பக்கத்துல வார்த்தையும் இருக்கட்டும், அவ்வளவுதான்."

செய்யச் செய்ய ஒன்று விளங்கியது. பெரட்டுக்களத்தில் என் கீற்றுகளும் காலி வரிகளும் ஒருவரையும் கெடுக்காததற்குக் காரணம், பதிவேட்டுக்குப் பக்கத்தில் நான் நின்றதுதான். 'மேலே உள்ளதே' என்று எழுதியிருப்பதை நான் முழுப் பெயராக வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கிளாக்கர் இல்லாத நாளில் அந்தப் பதிவேடு யாருக்கும் பாதிதான் பேசும். இங்கே என் அட்டவணை நான் இல்லாத இடத்துக்கெல்லாம் போகிறது. ஒவ்வொரு வரிசையும் தன் கதையைத் தானே முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிய அட்டவணையை வைத்து மெகன் முதல் போனை இவான்ஸுக்குப் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைப் பெரிதாக்கினார். "மசிச்ச கோழி, சரியா?" என்றார். மறுமுனையில் கனைப்பு. "மசிச்சதா? நல்லது. இந்தத் தடவை என்னை உயிரோட விட்டுருவீங்க போல." பிறகு வெல்ஷ் மொழியில் "தியோல்க்" என்றார், நன்றி என்று அர்த்தம். எங்கள் லயத்தில் நன்றி என்று வாயால் சொல்லும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. உதவி செய்தவர் வீட்டுக்கு அடுத்த நாள் ஒரு கிண்ணம் குழம்பு போகும், அதுதான் நன்றி. சாந்தி தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் செய்து கொடுத்தனுப்பினாள். மெகன் ஒரு வாய் வைத்துவிட்டு இரண்டு கோப்பை பால் குடித்தார், பிறகு மீதியையும் விடாமல் சாப்பிட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் எனக்குக் கொஞ்சம் இலேசாகக்கூட இருந்திருக்கும். ஆனால் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்தவற்றில் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பூனாகலையில் இருக்கும் புஷ்பம் அக்காவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா போன பிறகு லயத்து வீட்டில் இருப்பது அக்காதான். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அம்மா பேரு பின்பக்கத்துல இருந்துச்சுன்னு அந்தாளுகிட்ட போயி அன்னைக்கு யாருமே கேக்கலடா தம்பி" என்றாள். "அம்மாவுக்கு ஒருத்தனும் செய்யாதத நீ அந்தம்மாவுக்கு செஞ்சிருக்க. நல்லா இரு." நான் செய்ததைத்தான் நானே அவிழ்த்தேன், அதில் பாராட்ட ஒன்றுமில்லை என்று சொல்ல வந்தேன். அதற்குள் அக்கா சாந்தியிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

இப்போது ஆபீசின் எல்லா அட்டவணைகளையும் நாங்கள் இரண்டு பேரும்தான் பார்க்கிறோம். போன மாதம் ஹெலன், வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரின் வீடும் எங்கே, அங்கே யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு அட்டவணை கேட்டார். பெயர், வீடு, வீட்டில் உள்ளவர், போன் எண். ஒரு கட்டத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும் என்பது மெகனின் சட்டம், இரண்டை ஒன்றாக அடைத்தால் உதட்டைப் பிதுக்குவார். எல்லோருடையதையும் எழுதி முடித்து, என்னுடையதற்கு வந்தபோது கை நின்றது. யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். மெகன் கேட்டுக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ராமையா, நீங்க ரெண்டு தடவ வர்றீங்க. ஒண்ண அழிச்சிரவா?"

"இன்னொரு தடவ கேளுங்க" என்றேன்.

குரலை மெதுவாக்கிக் கேட்டார். ராமையா தங்கவேல். வீடு, இந்த ஊர், இந்தத் தெரு. வீட்டில் உள்ளவர், சாந்தி. அடுத்த வரிசை. ராமையா தங்கவேல். வீடு, பூனாகலை, மேல் டிவிஷன், ஏழாம் லயம். வீட்டில் உள்ளவர், புஷ்பம். இரண்டிலும் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

"ரெண்டும் சரிதானா?" என்றார்.

"ரெண்டும் சரிதான்."

மெகன் கீழ் விசையை அழுத்தி, எனக்கு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பதினொரு பேர் வேலை செய்யும் எங்கள் ஆபீசில், அந்த அட்டவணையின்படி பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.